விழத் தெரிந்தவள்

நடுத்துறைக் கலை மன்றத்து மேடையில், விழுவது எப்படி என்று செய்து காட்டுவதற்காகக் குதித்த உலகம்மை குதித்தபடியே அந்தரத்தில் நின்றுவிட்டபோது, கூட்டத்திலிருந்து முதலில் எழுந்தது ஃபேனை அணைக்கச் சொன்ன குரல்தான். அணைத்தார்கள். படபடத்துக்கொண்டிருந்த அவளுடைய கட்டை முடி அடங்கியது. ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு கால் மடங்கி, ஒரு கால் பின்னால் நீண்டு, பருத்திக் கால்சட்டையும் தொளதொளத்த சட்டையுமாக அவள் நின்றாள், அல்லது மிதந்தாள், அல்லது சும்மா இருந்தாள். அதற்கு எந்த வார்த்தை சரி என்று ஊர் பிற்பாடு வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தது. மன்றத்தில் எந்த நிகழ்ச்சியும் பாதியில் நின்ற வழக்கமில்லை. அதனால் பேட்டி கண்டுகொண்டிருந்த கல்லூரி ஆசிரியை லூர்துசெல்வி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "அக்கா, பேச வசதியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றாள் உலகம்மை. "கொஞ்சம் தண்ணி மட்டும் வேணும்."

மைக்கைக் கொடிக்கம்பில் கட்டி மேலே நீட்டினார்கள். தண்ணீர் ஏணி வழியாகப் போனது. பேட்டி தொடர்ந்தது.

நடுத்துறை உப்பும் மீனும் விற்றுப் பிழைக்கிற கடற்கரை ஊர். பட்டிமன்றத்துக்கும் மெல்லிசைக்கும் அங்கே கூட்டம் சேரும். நவீன நடனம் ஆடுகிறவர்களை மாதம் ஒருவராகக் கூட்டிவந்து, ஊர் முன்னால் உட்காரவைத்து, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், எதை வைத்துப் பிழைக்கிறீர்கள், உடம்பு ஒத்துழைக்கிறதா, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் பேச்சுக் கொடுக்கலாம் என்பது லூர்துசெல்வியின் யோசனை. மன்றத் தலைவர் தாணுமூர்த்திக்கு அதில் விருப்பமில்லை. அவர் உப்பள முதலாளி, வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டுக் கறை படாமல் உப்பளத்தைச் சுற்றி வரக்கூடியவர், சலங்கை கட்டாத காலை நடனத்துக்குரிய காலாக அவர் ஒத்துக்கொண்டதே கிடையாது. ஆனால் மழைக்கால மாதங்களில் அரங்கு சும்மா கிடந்தது, நாற்காலிகளில் பல்லி குடும்பம் நடத்தியது, போனால் போகிறது என்று சம்மதித்தார். ஒரே நிபந்தனை, முதல் வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வி அவர்தான் கேட்பார்.

அன்றைக்கு உலகம்மை எதையும் மறைக்காமல் பேசினாள். லாரி கிளீனர் ஒருவரின் மகள் அவள். பள்ளி ஆண்டு விழாவில் குழு நடனம் ஆடும்போது வழுக்கி விழுந்தாள், அரங்கமே சிரித்தது, ஆனால் விழுந்துகொண்டிருந்த அந்தச் சின்னப் பொழுதில்தான் தன் உடம்பு தன்னுடையது என்று முதன்முதலாக அவளுக்குத் தெரிந்தது, அதுவரைக்கும் அது டீச்சர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த உடம்பு. பிறகு பெங்களூரில் பகல் முழுக்கத் துணிக்கடை வேலை, சாயங்காலம் ஒரு பழைய நூல் கிடங்கில் நடனப் பயிற்சி. அங்கே முதல் பாடமே விழுவதுதான். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தலையின் பாரத்தைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, இடுப்பைக் கொடுத்து, எலும்பு மோதாமல் சதை தரையைத் தொடுகிற மாதிரி. அப்புறம் ஆயுசு முழுக்க அவள் செய்ததெல்லாம் அதுதான். வெளிநாட்டு மேடைகளில் விழுந்தாள், மதுரையில் பேருந்து நிலையத்துக்குள் விழுந்தாள், ஒருமுறை கோவில்பட்டியில் மழை பெய்து சகதியான மைதானத்தில் விழுந்து எழுந்தபோது ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தார். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது. வயது நாற்பத்தாறு. இன்னும் விழுகிறாள்.

தாணுமூர்த்தி எழுந்தார்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீய. ஆடுதோம் ஆடுதோம்னு சொல்லிட்டு நீங்கள்லாம் ஏன் தரையில விழுந்து புரளுதீய? குடிகாரன் ரோட்டுல செய்யுத காரியத்த மேடையில செஞ்சா அது கலையா?"

கூட்டம் சிரித்தது. உலகம்மைக்குக் காது சூடானது. "வாயால சொன்னா விளங்காது அண்ணாச்சி," என்று எழுந்தாள், "காட்டுதேன்." அப்படிச் சொல்லித்தான் குதித்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவளை இறக்கப் பார்த்தார்கள். காலைப் பிடித்து இழுத்தால் வந்தாள், தரையில் நிற்கவும் நின்றாள், பிடியை விட்டால் மெதுவாக மேலே போய் அதே இடத்தில் அதே கோணத்தில் நின்றுகொண்டாள். மடியில் உப்பு மூட்டையை வைத்துப் பார்த்தார்கள். மூட்டையும் கூடவே ஏறியது. உப்பு விலை இப்படித்தான் ஏறுகிறது என்று யாரோ சொல்ல, தாணுமூர்த்தி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அரசு மருத்துவர் ஏணியில் ஏறி நாடி பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது, இரும்புச் சத்துதான் குறைவு, முருங்கைக் கீரை சாப்பிடட்டும் என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து வீடு மாற்றி வீடு முருங்கைக் கீரைப் பொரியல் வந்துகொண்டே இருந்தது. குளிப்பதற்குப் பெண்கள் சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, கன்றுக்குட்டியை நடத்திப் போவதுபோல அவளைப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார்கள்.

மன்றத்து அரங்கு வாடகைக்கு விடுகிற அரங்கு, ஒருத்தி மேலே இருக்கிறாள் என்பதற்காக ஊர் தன் காரியங்களைத் தள்ளிப்போட முடியாது. அவளுக்குக் கீழே கல்யாண வரவேற்பு நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு தட்டில் அட்சதையை ஏணியில் ஏற்றி அனுப்பினார்கள், மேலேயிருந்து தூவினால் எல்லார் தலையிலும் சமமாக விழுகிறது என்று புகைப்படக்காரர் சந்தோஷப்பட்டார். ஆடித் தள்ளுபடி விற்பனை நடந்தது, நீட்டியிருந்த அவள் கையில் நாலு சுடிதாரைத் தொங்கவிடலாமா என்று கடைக்காரர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுநாள் மன்னிப்பாக ஒரு போர்வை கொடுத்தார். உள்ளாட்சித் தேர்தலுக்கு அரங்கு வாக்குச்சாவடியானபோது, மேலேயிருந்து பார்த்தால் யார் எதில் குத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும் என்று அதிகாரி தயங்கினார். உலகம்மை காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணை மூடிக்கொண்டு இருப்பதாக ஒப்புக்கொண்டாள், நன்றாகத் தூங்கியும் போனாள், அவளுடைய குறட்டைச் சத்தத்தில்தான் வார்டு வார்டாக வாக்குப் பதிவானது.

சாயங்காலங்களில் பேட்டி நடந்தது. அன்றைய பேச்சு முடியவில்லை என்பதுதான் லூர்துசெல்வியின் கணக்கு. மின் அலுவலகம் விட்டு, மீன் கம்பெனி விட்டு, பள்ளிக்கூடம் விட்டு ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த முதல் நாட்கள் நல்ல நாட்கள். இறால் உரிக்கிற பெண்கள் நாள் முழுக்க நின்று இடுப்பு போய்விட்டது என்றார்கள், உலகம்மை மேலேயிருந்து சொல்லச் சொல்ல அத்தனை பேரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு முதுகை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, நடனம்தான் தொழில் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். "சொல்லாத. ஆடு. அவங்களே கேப்பாங்க, அப்ப சொல்லு," என்றாள் உலகம்மை. வயசானால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். "வயசான மாதிரி ஆடுவேன்." யாரும் சிரிக்கவில்லை. யோசித்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாகத் தன் வேலையைப் பற்றிக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை, அந்தரத்தில் இருப்பதன் சங்கடம்கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு பெண் தொலைந்துபோன ஆட்டைப் பற்றிக் கேட்டாள். எனக்கு என்னம்மா தெரியும், வீட்டுப் பக்கம்தான் எங்கேயாவது நிற்கும் என்று உலகம்மை வாய்க்கு வந்ததைச் சொன்னாள், ஆடு வீட்டுக்குப் பின்னால் நின்றது. மறுநாள் அவளுக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அடுத்த நாள் மெழுகுவர்த்தி ஒன்று எரிந்தது. எலுமிச்சைக்காரர்களும் மெழுகுவர்த்திக்காரர்களும் இடத்துக்காகக் கொஞ்சம் சண்டை போட்டு, மேடையை இடது வலதாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கேள்விகள் மாறின. மகனுக்குத் துபாய் விசா வருமா. மருமகள் திரும்பி வருவாளா. எதிர்வீட்டுக்காரன் செய்வினை வைத்திருக்கிறானா.

"எனக்குத் தெரியாதும்மா. நான் நடனக்காரி."

அவள் அப்படிச் சொன்னதை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், தெரியாது என்றால் வரும் என்று அர்த்தமா, வராது என்று அர்த்தமா என்று பேசிப் பார்த்தார்கள். அவள் மறுக்க மறுக்க அது அருள்வாக்காகவே ஆகிக்கொண்டு போனது. கோபப்பட்டுக் கத்தினாள். உக்கிரமாக இருக்கிறாள் என்று தேங்காய் உடைத்தார்கள்.

எல்லோரையும்விடப் பக்தி முற்றியவர் தாணுமூர்த்திதான். அவர் காலையில் குளித்து வந்து கைகூப்பி நின்றார். அவளுடைய கால்சட்டையை மறைத்து ஓர் அரக்குப் பட்டுச் சேலையைச் சுற்றச் செய்தார், மேடையைச் சுற்றிப் பித்தளைக் கம்பி வேலிக்குச் சொல்லிவைத்தார், வாசலில் 'ஆகாச அம்மை' என்று பலகை மாட்டினார்.

"அண்ணாச்சி," என்றாள் உலகம்மை ஒரு நாள் காலையில், அரங்கில் வேறு யாரும் இல்லாதபோது. "நான் விழுததப் பாத்து நீங்க சிரிச்சீய. அது எனக்குப் பழக்கம்தான், அத நான் தாங்கிக்கிடுவேன். இப்பக் கும்பிடுதீய பாருங்க, இதத்தான் என்னால தாங்க முடியல."

"பழசெல்லாம் எதுக்கு தாயி. தெரியாம பேசிட்டேன்." அவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விழுததுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். நிக்கதுக்கு நீங்க ஒருத்தர்தான இருக்கீய. நீங்க இனிமே விழவே வேண்டாம்."

அவர் போன பிறகு உலகம்மை கீழே பார்த்தாள். பூவுக்கும் குங்குமத்துக்கும் மெழுகுக்கும் நடுவே மேடைப் பலகை அங்கங்கே கொஞ்சம் தெரிந்தது. அவளுக்குத் தரை ஞாபகம் வந்தது, ஊர் ஊராக ஆட்களை ஞாபகம் வைத்திருப்பதுபோல அவள் தரைகளை ஞாபகம் வைத்திருந்தாள். நூல் கிடங்கின் சிமெண்டுத் தரை, அதன் விரிசலில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஏதோ குளிர் தேசத்தில் நடந்தால் முனகுகிற மரத்தரை. மொட்டைமாடியில் வெயில் இறங்கிய பிறகும் வெதுவெதுப்பாயிருக்கும் செங்கல் தளம், அதில் கன்னத்தை வைத்துப் படுத்தால் கீழ்வீட்டில் குக்கர் விசிலடிப்பது எலும்புக்குள் கேட்கும். ஆட்கள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரங்களில் அவள் மூச்சை விட்டாள், தலையைத் தொங்கப்போட்டாள், தோளை விட்டாள். உடம்பு அசையவில்லை. காற்று ஒரு கெட்ட மெத்தைபோல அவளைத் தாங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் லூர்துசெல்வி வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அடுத்த மாதப் பேட்டிக்குக் காரைக்காலிலிருந்து ரியாஸ் வருவதாக இருந்தது. சைக்கிள் கடை வேலையை விட்டுவிட்டு ஆடவந்தவன், பாதி மேடைகளில் தவழ்ந்தே ஆடுகிறவன். அவனை வரவேண்டாம் என்று தாணுமூர்த்தி போனில் சொல்லிவிட்டார். பேட்டிகளையே நிறுத்தியாயிற்று.

"என்ன காரணம் சொன்னாரு?"

"பறக்குதவ ஒருத்தி இருக்கையில உருளுதவன் பேச்ச யாரு கேப்பான்னு சொல்லுதாரு. இனிமே மேடையில உங்களத் தவிர யாரும் கிடையாதாம்."

உலகம்மைக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைச் சாக்காக வைத்து அவளுடைய ஆட்களுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். நூல் கிடங்கில் அவளோடு விழுந்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், ஆடமுடியாமல் காப்பீடு விற்கப் போனவர்கள், இன்னும் ஆடுகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு ஞாபகம் வந்தார்கள்.

"நான் ஒரு நாளும் பறக்கல செல்வி. விழ ஆரம்பிச்சேன். முடிக்க விட மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"வேலி திறக்குத அன்னைக்கு மைக்க எங்கிட்டக் குடு."

பித்தளை வேலி திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வேனாக ஜனங்கள் வந்தார்கள், நாதஸ்வரம் ஒரு பக்கமும் பேண்டு வாத்தியம் ஒரு பக்கமும் வாசித்தன, குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள், எலுமிச்சை மாலைகள் கம்பு நுனியில் ஏறி ஏறி அவள் கழுத்தில் விழுந்தன, கழுத்து கனத்தது, ஆனாலும் அவள் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. தாணுமூர்த்தி நீளமாகப் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் லூர்துசெல்வி மைக்கைப் பிடுங்கிக் கொடிக்கம்பில் சொருகி மேலே நீட்டினாள்.

"நான் உலகம்மை," என்றாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "கன்னத்துல போடாதீங்க, கேளுங்க. நான் அம்மனும் இல்ல, மாதாவும் இல்ல. லாரி கிளீனர் மக. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு, விழுதது. அது கேவலம்னு இந்த ஊரு சிரிச்சிது. இப்ப நான் விழாம நிக்கேன்னு கும்பிடுது. ரெண்டும் எனக்கு வேண்டாம். எனக்குத் தரை வேணும். கீழ இருக்கிறத எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. சோதிக்கிறாள் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். லூர்துசெல்விதான் வேலியைத் தாண்டினாள். குத்துவிளக்கை நகர்த்தினாள், தட்டுகளைக் காலால் ஒதுக்கினாள், மெழுகைச் செருப்பு நுனியால் சுரண்டினாள். "டீச்சர், அபச்சாரம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்கிட்டச் சேரட்டும்," என்றபடி அவள் முந்தானையால் பலகையைத் துடைத்தாள்.

மேலே உலகம்மை எலுமிச்சை மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். பட்டுச் சேலையை உருவிப் போட்டாள், அது நிதானமாக, அழகாக விழுந்தது, அவளுக்கே பொறாமையாக இருந்தது. பழைய கால்சட்டையும் சட்டையுமாக நின்றாள். வருமா என்று அவளுக்குத் தெரியாது. வராவிட்டால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும், அது போனாலும் சரிதான். மூச்சை வெளியே விட்டாள். தலையைக் கொடுத்தாள், இத்தனை காலம் கும்பிடு வாங்கி வாங்கி மரத்துப்போன தலை மெல்லச் சாய்ந்தது, தோளைக் கொடுத்தாள், அது தலையின் பின்னால் போனது, முதுகெலும்பு கண்ணி கண்ணியாக அவிழ்ந்தது, இடுப்பு அவிழ்ந்தது, காற்று அவளைப் பிடித்துப் பார்த்து, இன்னொரு தரம் பிடித்துப் பார்த்து, கையை விட்டது, உலகம்மை விழுந்தாள். உள்ளங்கையும் முன்கையும் தோளும் இடுப்பும் தொடையுமாக ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையைத் தொட்டு, உருண்டு, கன்னம் பலகையில் பட்டு நின்றபோது எழுந்த சத்தம் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்டது.

இத்தனை நாள் வராதது அன்றைக்கு ஏன் வந்தது என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உலகம்மை எந்தக் காரணமும் சொன்னதில்லை.

நாதஸ்வரம் நின்றுபோனது. தாணுமூர்த்தி கைகளை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "தூக்குங்கடா அம்மாவ."

"தொடாதீங்க," என்றாள் அவள் தரையிலிருந்து. தானே எழுந்தாள். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது, மறுபடியும் மேலே போவாள் என்று. அவள் எழுந்து நின்று, எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள். அக்குள் வேர்த்தது, முழங்கையில் சிராய்ப்பு, பலகையில் வேர்வை உடம்பின் அச்சாகப் படிந்தது, அதன்மேலேயே மறுபடி விழுந்தாள். இவ்வளவு ஆனந்தமாக அவள் எங்கேயும் ஆடியதில்லை. ஏமாற்றிவிட்டாள் என்று சிலர் கத்தினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேன்களுக்குத் திரும்பினார்கள். தாணுமூர்த்தி முதல் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார், அவரைப் பார்க்க உலகம்மைக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. அரங்கில் பாதிக்கும் மேல் காலியான பிறகு, இறால் கம்பெனிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் நாற்காலியை விட்டு எழுந்து வேலி ஓரமாக வந்து, பித்தளைக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கிட்டத்திலிருந்து பார்த்தார்கள்.

அந்தரத்தில் நின்றவளோடு அத்தனை சுலபமாகப் பழகிக்கொண்ட ஊருக்கு, தரையில் நடக்கிறவளோடு பழகுவது கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கொடுத்த எலுமிச்சம்பழங்களைப் பற்றிச் சிலர் ஜாடையாகப் பேசினார்கள். மன்றம் அவளுக்கும் லூர்துசெல்விக்கும் கதவைச் சாத்தியது. வாசலில் மாட்டிய 'ஆகாச அம்மை' பலகையைத் தாணுமூர்த்தி கழற்றவில்லை, அவர் இன்னமும் காலையில் குளித்துவிட்டு வந்து, ஒன்றுமில்லாத அந்த உயரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் உப்பளத்துக்குப் போகிறார், அவரோடு இன்னும் பத்துப் பேரும் கும்பிடுகிறார்கள். உலகம்மை ஊரை விட்டுப் போகவில்லை. போவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்ததே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்தாள்.

சாயங்காலம் ஏலக் கூடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று இறால் கம்பெனிப் பெண்கள் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார்கள். சிமெண்டுத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள், மீன் வாடை போகவில்லை, யாரும் அதைப் பொருட்படுத்தவுமில்லை. ரியாஸ் காரைக்காலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். அவனும் லூர்துசெல்வியும் இரண்டு மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள், உலகம்மை தரையில் ஜனங்களோடு உட்கார்ந்துகொண்டாள். சைக்கிள் கடையைப் பற்றியும், வாப்பா பேசாமலிருந்த வருஷங்களைப் பற்றியும், தவழ்வது என்றால் என்ன என்பதைப் பற்றியும் ரியாஸ் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஒருவர் கை தூக்கினார்.

"தம்பி, அந்த அம்மா மாதிரி நீங்களும் மேல எழும்புவீயளா? அதப் பாக்கத்தான் வந்தோம்."

ரியாஸ் உலகம்மையைப் பார்த்தான். கூட்டமும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மைக்குக்குக் கை நீட்டினாள்.

"எழும்ப மாட்டாரு," என்றாள். "இங்க யாரும் எழும்ப மாட்டோம். பிடிச்சா இருங்க, பிடிக்கலைன்னா போங்க."

கேட்டவர் எழுந்து போனார். அவரோடு வந்தவர்களும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு, பின்னால் இருந்தவர்கள் உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து முன்னால் வந்தார்கள்.